குழுவின் சாவி யார் கையில்?

2025 செப்டம்பர் கடைசியில் தமிழ்நாட்டுக் கைப்பேசிகளுக்குள் திடீரென்று 'அரட்டை' நுழைந்தது. ஜோஹோ நிறுவனம் 2021-லேயே வெளியிட்டு, பெரிதாக யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்த செயலி அது. ஒன்றிய அமைச்சர்கள் 'சுதேசி' என்று சொல்லிப் பரப்பியதும் சில நாட்களில் தரவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. நம் தோழர்களுக்குள்ளும் விவாதம் கிளம்பியது. தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டு நிறுவனம், அமெரிக்கக் கம்பெனிகளிடமிருந்து விடுதலை என்றது ஒரு தரப்பு. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ஆர்.எஸ்.எஸ். நிகழ்ச்சிக்குப் போனவர், அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்றது இன்னொரு தரப்பு.

காரைக்குடி பக்கம் நேமத்தான்பட்டியிலும் சுற்று ஊர்களிலும் உள்ள இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் வாசிப்பு வட்டத்திலும் இதே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வன்கொடுமைப் புகார் என்றால் காவல் நிலையம் வரை கூடப் போவது என எல்லாமே ஒரே வாட்ஸ்அப் குழுவுக்குள் நடக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் பொங்கல் படத்துக்கும் நடுவில் ஒரு புகாரின் விவரம் தொலைந்துபோகிறது. "ஸ்லாக் போகலாமா, டீம்ஸ் நல்லதா, அரட்டை போதுமா? ஒப்பிட்டுச் சொல்லுங்க தோழர்" என்றார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தேன். வசதிகளை மட்டும் பட்டியல் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. குழு, அழைப்பு, கோப்பு, தேடல் எல்லாம் எல்லாவற்றிலும் உண்டு. வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. யார் யாரைச் சேர்க்கலாம், யார் யாரை நீக்கலாம், யாருடைய எண் யாருக்குத் தெரியும், பேசியது எவ்வளவு காலம் யாரிடம் இருக்கும் என்பதை ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்திருக்கிறது. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அமைப்புக்குள் அதிகாரத்தைப் பங்கிடும் முறையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். சாதி ஒழிப்பு பேசும் அமைப்புகள் இதைச் சாதியின் வரலாற்றிலிருந்து பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

செய்தி சுமந்தவர்கள்

தகவல் தொடர்பு நம் ஊர்களில் என்றைக்கும் சாதித் தொழிலாகவே இருந்தது. இழவு சொல்லப் போனது யார்? தமுக்கடித்து ஊர்க்கட்டுப்பாட்டை அறிவித்தது யார்? சேரிக்காரர்கள்தான். முடிவெடுத்த கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. முடிவைத் தெருத் தெருவாகச் சொல்வது மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. தண்டோரா போடுவதை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்ட்டில். செல்போன் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் வட்டாரம் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அம்மாவட்டத்தின் ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது; சட்டை கூடாது; குடை, செருப்பு கூடாது; பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். அடுத்த ஆண்டு இன்னும் நீண்ட பட்டியல் வந்தது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், அட்மின்கள் மட்டுமே செய்தி போடக்கூடிய குழு அது. மற்றவர்கள் படிக்கலாம், கீழ்ப்படியலாம். பதில் எழுத முடியாது. பதில் எழுதும் திறனே வந்துவிடக் கூடாது என்பதும் விதியில் இருந்தது.

இதே மண்ணில் உலகத்தரமான ஒரு தகவல் வலைப்பின்னலும் இருந்தது. நேமத்தான்பட்டி ஒரு நகரத்தார் ஊர். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செட்டியார் கடைகள் இயங்கின. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. மேலாட்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தார்கள். பேரேடும் கடிதமும் உண்டியலும் ரங்கூனையும் பினாங்கையும் செட்டிநாட்டோடு கட்டி வைத்திருந்தன. கிட்டங்கி என்பது பல கடைகள் ஒரே கூடத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்த பொது அலுவலகம். கூட்டாக வேலை பார்ப்பதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு அந்தக் காலத்தில் அரிது. அதைச் சேர்த்துப் பிடித்த நம்பிக்கையோ சாதி நம்பிக்கை. கோயில், கொள்வினை கொடுப்பினை, கடன் மூன்றும் ஒரே வட்டத்துக்குள் சுழன்றன. ஒரு வலைப்பின்னல் மிகத் திறமையாகவும் அதே நேரத்தில் முழுக்க அடைத்தும் இருக்க முடியும் என்பதற்கு எங்கள் ஊரின் பெரிய வீடுகளே சாட்சி. 'திறன்மிக்க கூட்டுப்பணி' என்று விளம்பரம் வரும்போதெல்லாம், கூட்டுக்குள் யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

கருவி செய்யும் இடத்திலும் சாதி

அமெரிக்காவில் செய்தால் சாதி ஒட்டாது என்று நினைப்பவர்கள் சிஸ்கோவைப் பார்க்கலாம். வெபெக்ஸ் என்ற கூட்டங்களுக்கும் செய்திகளுக்குமான மென்பொருளை விற்கும் நிறுவனம் அது. அங்கே வேலை பார்த்த தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்க சாதி மேலாளர்கள் சாதியைக் காரணமாக வைத்து ஒதுக்கினார்கள் என்று 2020 ஜூனில் கலிபோர்னியா அரசின் துறை ஒன்று வழக்குத் தொடுத்தது. ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பது சக ஊழியர்களிடம் பரப்பப்பட்டதும், புகார் சொன்னபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் ஆகாது என்று பதில் வந்ததும் அந்த மனுவின் குற்றச்சாட்டுகள். சிஸ்கோ மறுத்தது. 2023-ல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது; நிறுவனத்தின் மீதான வழக்கை அப்போது விலக்கவில்லை. கூகுளில் 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி தேன்மொழி சௌந்தரராஜன் பேச இருந்த நிகழ்ச்சி, ஊழியர்கள் சிலரின் எதிர்ப்பு மின்னஞ்சல்களுக்குப் பிறகு ரத்தானது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார். அலுவலகங்கள் பேசிக்கொள்வதற்கான கருவிகளைச் செய்து விற்கும் இரண்டு நிறுவனங்களுக்குள்ளேயே சாதியைப் பற்றிப் பேசுவது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 'பணியிடத் தொழில்நுட்பம்' என்ற ஒரே பெயரில் யாருக்கு எது கிடைக்கிறது? பொறியாளருக்குச் சிரிப்புப் பொம்மை போட்டுப் பேசும் ஸ்லாக். நாக்பூர், சண்டிகர் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரம், எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று மேலதிகாரிக்குத் தெரியும். நூறு நாள் வேலைப் பெண்களுக்கு 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட வருகைச் செயலி. நாளுக்கு இரண்டு முறை படம் ஏற வேண்டும், சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் கூலிக்கு ஆபத்து. ஒருவருக்குப் பேசும் கருவி, இன்னொருவருக்குப் பதில் சொல்லும் கருவி. எது யாருக்கு என்று பிரிப்பது இங்கேயும் பெரும்பாலும் சாதிதான்.

ஐந்து கேள்விகள்

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நம் அமைப்புகள் எந்தச் செயலியிடமும் ஐந்து கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: உள்ளே வர என்ன செலவாகும்? ஸ்லாக்கும் டீம்ஸும் ஆளுக்கு மாதம் இத்தனை என்று கணக்குப் பார்ப்பவை. ஆள் சேரச் சேரச் செலவு ஏறும் முறை இயக்கத்துக்குப் பொருந்தாது. யாரைச் சேர்க்காமல் விடலாம் என்ற யோசனையை அது கொண்டுவந்துவிடும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்தி கண்ணுக்குத் தெரியாது, ஓராண்டுக்கு முந்தையது அழிக்கப்படுகிறது. தமிழ் இடைமுகமும் இல்லை. கொத்தனார் வேலைக்குப் போகும் தோழருக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவுக்கும் குரல்செய்திதான் எழுத்து. அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஐயாயிரம் ரூபாய் போனில், தமிழில், குரலில் ஓடாத செயலி அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பின் பலம் இங்கேதான். எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.

இரண்டாம் கேள்வி: யாருடைய எண் யாருக்குத் தெரியும்? சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனே எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பெண் தோழர்கள் பலர் குழுவில் சேரத் தயங்குவதற்குக் காரணம் அரசியல் ஆர்வமின்மை என்று நம்மில் சிலர் நினைத்துக்கொள்கிறோம். இரவு பதினோரு மணிக்கு வரும் தெரியாத அழைப்புதான் காரணம். சாதி மறுப்புத் திருமணம் செய்து தலைமறைவாக இருக்கும் இணையருக்கு எண் வெளியாவது உயிர்ப் பிரச்சினை. 2024 பிப்ரவரியில் சிக்னல் பயனர்பெயர் முறையைக் கொண்டுவந்தது. எண்ணைக் காட்டாமலே குழுவில் இருக்கலாம். டெலிகிராமிலும் எண்ணை மறைக்கலாம். வாட்ஸ்அப்பின் 'கம்யூனிட்டி' அறிவிப்புக் குழுவில் அட்மின்களுக்கு மட்டுமே எண் தெரியும்.

மூன்றாம் கேள்வி: நடுவில் யார் படிக்க முடியும்? அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நிறுவனமே படிக்க முடியாதபடி பூட்டுவதுதான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். வாட்ஸ்அப்பில் 2016 முதல் இது உண்டு. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்பது மெட்டாவுக்குத் தெரியும், கூகுள் டிரைவில் ஏறும் பேக்-அப்பை நாமே தனியாகப் பூட்ட வேண்டும். டெலிகிராம் குழுக்களில் இந்தப் பூட்டே இல்லை. இருவர் பேசும் ரகசிய உரையாடலில் மட்டும்தான். ஸ்லாக், டீம்ஸ், ஜோஹோவின் கிளிக் போன்ற அலுவலகச் செயலிகளில் எழுத்துச் செய்திகள் நிர்வாகம் தேடி எடுக்கக்கூடியபடியே வடிவமைக்கப்பட்டவை. அரட்டை புகழ்பெற்ற அந்த வாரங்களில் அழைப்புகளுக்குப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கேள்விகள் எழுந்த பிறகே அந்த வேலை வேகம் பிடித்தது. சுதேசி என்ற சொல் பூட்டாகாது. சிக்னலிடம் 2016-ல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வழியாக ஒரு பயனரைப் பற்றிக் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே கொடுக்க முடிந்தது. வேறெதையும் சேமிக்காததே அதன் பாதுகாப்பு.

இதிலும் மயக்கம் வேண்டாம். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தன என்று ஆர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-ல் அறிக்கை கொடுத்தது. கருவியே பிறர் கைக்குப் போய்விட்டால் எந்தச் செயலியின் பூட்டும் உதவாது.

நான்காம் கேள்வி: அட்மின் யார், எத்தனை காலம்? பெரும்பாலான குழுக்களில், முதலில் ஸ்மார்ட்போன் வாங்கியவர், நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர், சென்னையில் வேலை பார்ப்பவர்தான் அட்மின். சாதி ஒழிப்புக் குழுக்களிலும் பெரும்பாலும் ஆண்தான். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தைப் பார்த்துக் கொதித்தோம். பதவி ஒருவருக்கு, நாற்காலி இன்னொருவருக்கு. நம் குழுக்களில் தலைவி ஒருவராகவும் அட்மின் இன்னொருவராகவும் இருந்தால் அதற்கு என்ன பெயர்? குழு உறுப்பினர் போட்ட பதிவுக்காக அட்மினை மட்டும் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றின் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே 'வழக்கு வரும், பெண்பிள்ளைகளுக்கு எதற்கு அட்மின் பொறுப்பு' என்ற சாக்கும் செல்லாது.

ஐந்தாம் கேள்வி: பதிவு யாரிடம் இருக்கும்? இதைச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

மறைக்க வேண்டியதும் காக்க வேண்டியதும்

கண்காணிப்பைப் பற்றி அதிகம் பேசுகிற நம் தலைமுறை 'தானாக அழியும் செய்தி'யை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்கிறது. இணையருக்கு அடைக்கலம் கொடுக்கும் பேச்சு அழியத்தான் வேண்டும். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் அனுபவத்தில், பதிவு இல்லாமையே ஆதிக்கத்தின் ஆயுதமாகவும் இருந்திருக்கிறது. கட்டப்பஞ்சாயத்து காகிதத்தில் எதையும் வைப்பதில்லை. 'பேசித் தீர்த்துக்கலாம்' என்பதன் பொருள், நாளைக்கு நிரூபிக்க எதுவும் மிஞ்சக் கூடாது என்பதே.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவில் 2015 திருத்தம் ஒரு நல்ல விதியைச் சேர்த்தது. வாய்மொழியாகச் சொன்ன புகாரைக் காவல் அதிகாரி எழுத வேண்டும், எழுதியதைப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும், பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், உடனே நகல் தர வேண்டும். தவறும் அரசு ஊழியருக்குத் தண்டனையும் உண்டு. எழுது, படித்துக் காட்டு, ஒப்புதல் வாங்கு, நகல் கொடு. எந்த மென்பொருள் கம்பெனியும் இதைவிட ஜனநாயகமான பதிவு முறையைக் கண்டுபிடிக்கவில்லை. காவல் நிலையத்திடம் நாம் கேட்கிற இந்த நான்கையும் நம் அமைப்புக்குள் கடைப்பிடிக்கிறோமா?

ஐ.டி. அலுவலகத்தில் வேலை பார்க்கும் தோழர்களுக்கு இதில் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. அலுவலக ஸ்லாக்கிலும் டீம்ஸிலும் நீங்கள் எழுதுவது நிறுவனத்தின் சொத்து. தனிச்செய்தி என்றாலும் தேடி எடுக்க வழி இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2020-ல் ஊழியர்களின் 'உற்பத்தித் திறன் மதிப்பெண்'ணைப் பெயரோடு காட்டி, எதிர்ப்புக்குப் பிறகு பெயர்களை நீக்கியதை மறக்க வேண்டாம். ஆகவே சங்கப் பேச்சை அலுவலகச் செயலியில் பேசாதீர்கள். அதேபோல, சாதியைச் சுட்டி யாராவது எழுதினால் வேலையை விடும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்று மாலை உங்கள் கணக்கு மூடப்பட்டிருக்கும். தேதி, நேரம், யார் யார் இருந்த குழு என்பதை அன்றே நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மின்னணுச் சான்றுக்குச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, அதாவது பழைய 65பி-யின்படி, சான்றிதழ் வேண்டும். செய்தி வந்த போனை மாற்றாமல், அழிக்காமல் வைத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எங்கள் முடிவு

எல்லா வேலைக்கும் ஒரே செயலி என்ற ஆசையை விடச் சொல்லித்தான் எங்கள் வட்டத்துக்கு நான் பரிந்துரைத்தேன். அறிவிப்புக்கு வாட்ஸ்அப் கம்யூனிட்டி, ஏனென்றால் ஊர் அங்கே இருக்கிறது. புகார், அடைக்கலம், பெண்கள் உதவி ஆகியவற்றுக்குச் சிக்னல், எண்ணை மறைத்து, சிறு குழுவாக. நீண்ட விவாதங்களையும் வகுப்புக் குறிப்புகளையும் தலைப்புவாரியாக வைக்க ஸுலிப் போன்ற திறமூல மென்பொருள். சொந்தச் சர்வரில் இலவசமாக ஓட்டலாம், ஆனால் பராமரிக்க இரண்டு பேராவது கற்றுக்கொண்ட பிறகு மட்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சர்வர் இன்னொரு கணக்கப்பிள்ளையைத்தான் உருவாக்கும். திறமூலம் என்பதாலேயே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம்: 2023-ல் ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு தடை செய்த 14 செயலிகளில் எலிமென்ட்டும் பிரையரும் இருந்தன. எனவே முடிவுகள் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கும். கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கப்படும். எழுதத் தெரியாதவர் குரலில் சொன்ன திருத்தமும் அதில் ஏறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அட்மின் மாறுவார். எப்போதும் இருவர் இருப்பார்கள், ஒருவர் பெண். யாரையும் நீக்குவதென்றால் காரணம் கூட்டத்தில் சொல்லப்பட வேண்டும்.

இது மெதுவான முறை, படித்தவர்கள் சிலருக்கு எரிச்சல் தரும் என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான். நாலு பேர் ஸ்லாக்கில் அரை மணியில் முடிக்கிற விஷயத்துக்கு நாற்பது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழிக்க வேண்டியிருக்கும். அந்த நாலு பேரின் வேகத்துக்காக முப்பத்தாறு பேரைத் தண்டோரா கேட்கிறவர்களாக ஆக்க வேண்டுமா என்பதே என் பதில்.

கருவியைப் பற்றி யோசிப்பது நமக்குப் புதிதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்தார். யார் கைக்கு அது எட்ட வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது. 1920-ல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட திலகர் தொடங்கிய 'கேசரி' மறுத்தது. பிறருடைய அச்சில் இடம் கேட்டு நிற்பதைவிடத் தங்களுடைய அச்சைத் தாங்களே நடத்துவது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள்.

நமக்கு இன்று அச்சகம் தேவையில்லை; கையிலேயே இருக்கிறது. உங்கள் அமைப்பின் குழுவை இப்போதே திறந்து அட்மின் பட்டியலைப் பாருங்கள். அந்தப் பெயர்களும் உங்கள் அமைப்பு யாருக்காகப் பேசுகிறதோ அவர்களுடைய பெயர்களும் பொருந்தவில்லை என்றால், புதிய செயலி தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.